நிதாரியின் எலும்புகளும் உறவினரின் மரபணுவும்

மயூர் விஹார் எக்ஸ்டென்ஷனில் ப்ளூ லைன் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் நியூ அசோக் நகர். அதற்கடுத்த நிலையம் நொய்டா செக்டர் 15. அங்கே டெல்லி முடிந்து உத்தரப் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. எல்லையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால், செக்டர் 31இன் ஓரத்தில் நிதாரி கிராமம். 2006 டிசம்பர் 29 அன்று அங்கே டி-5 என்ற பங்களாவின் பின்புறச் சாக்கடையிலிருந்து மண்டை ஓடுகளும் எலும்புகளும் வெளிவரத் தொடங்கின. அந்தக் கிராமத்துக் குழந்தைகளும் இளம்பெண்களும் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போய்ப் போய்த் திரும்பினார்கள். அவர்களுடைய புகாரை எஃப்.ஐ.ஆராகப் பதியக்கூட ஆளில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை. 2007 ஜனவரியில் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. வீட்டு உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேருக்கும் அவர் வீட்டில் வேலை பார்த்த சுரேந்தர் கோலிக்கும் காசியாபாத் நீதிமன்றம் 2009இல் மரண தண்டனை விதித்தது. கோலிக்கு மேலும் பல வழக்குகளில் மரண தண்டனை கிடைத்தது. 2014இல் அவரைத் தூக்கிலிட நாளும் குறித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில்தான் நிறுத்தப்பட்டது. 2023 அக்டோபர் 16 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் கோலியையும் 2 வழக்குகளில் பாந்தேரையும் விடுவித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது. எஞ்சியிருந்த ஒரே வழக்கிலும் 2025 நவம்பர் 11 அன்று இறுதி வாய்ப்பான கியூரேட்டிவ் மனுவை ஏற்றுக் கோலியை விடுவித்தது. இத்தனை நெடிய விசாரணைக்குப் பின்னும் உண்மையான கொலையாளி யார் என்பது சட்டம் ஏற்கும் விதத்தில் நிறுவப்படவில்லை என்று நீதிபதிகள் வருத்தத்தோடு பதிவுசெய்தார்கள்.

ஆகவே இந்தியத் தலைநகரின் வாசலில் நடந்த தொடர் கொலை வழக்கு இன்று துப்புத் துலங்காத வழக்கு. இப்படிக் கிடப்பில் போன வழக்குகளை அமெரிக்காவில் வம்சாவளி டி.என்.ஏ. தரவுத்தளங்களைக் கொண்டு திறந்துவிடுகிறார்களே, நிதாரிக்கும் அந்த வழி இல்லையா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் போனால், நம் காவல் நிலையங்களில் சான்றுப்பொருள்களை வைக்கும் மால்கானா, நம் கல்யாண முறை, சாதி, சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டாக வேண்டியிருக்கிறது.

முதலில் நிதாரியில் டி.என்.ஏ. என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாக்கடையில் கிடைத்த எலும்புகளின் மாதிரியும் காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த ரத்தமும் ஹைதராபாத்தில் உள்ள சி.டி.எஃப்.டி. என்ற மரபணு ரேகை ஆய்வு மையத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஒப்பிட்டுப் பார்த்து, சில எலும்புகள் இன்னாருடைய பிள்ளைக்கு உரியவை என்று சொன்னார்கள். உறவினரின் மரபணுவைக் கொண்டு இறந்தவரை அடையாளம் காணும் வேலை அது. அந்த வேலையை ஆய்வகம் செய்தது. கொன்றவரின் உடலிலிருந்து வந்த துளி ரத்தமோ, விந்தோ, எச்சிலோ அங்கே கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நடத்திய தடய அறிவியல் சோதனையிலும் இத்தனை கொலைகளுக்கு ஏற்ற ரத்தக் கறை எதுவும் சிக்கவில்லை. டி.என்.ஏ. பிள்ளைகளின் பெயரைச் சொன்னதே தவிர, அவர்கள் அந்த வீட்டுக்குள் கொல்லப்பட்டார்கள் என்றோ, இன்னார் கொன்றார் என்றோ காட்டவில்லை. உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியது. வழக்கு உண்மையில் நின்றது ஒரு வாக்குமூலத்தின் மேல். சட்ட உதவியோ முறையான மருத்துவப் பரிசோதனையோ இல்லாமல் 60 நாள் காவலில் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கிய வாக்குமூலம் அது.

இறந்தவரை அடையாளம் காண்பதும் கொன்றவரைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டுக்கும் உறவினரின் மரபணு உதவும். ஆனால் இரண்டாவதற்கு வேண்டிய முன்னேற்பாடு மிகப் பெரிது.

*

கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் 13 பேரைக் கொன்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை வன்புணர்ந்த ஒருவரைப் போலீசார் நாற்பதாண்டு தேடினார்கள். கோல்டன் ஸ்டேட் கில்லர் என்று பிற்பாடு அவருக்குப் பெயர் வந்தது. அவருடைய டி.என்.ஏ. போலீசாரிடம் இருந்தது, குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தில் அதற்குப் பொருத்தம் இல்லை. பிடிபட்டு மாதிரி கொடுத்தவர்கள் மட்டுமே அந்தத் தளத்தில் இருப்பார்கள். இவர் மாதிரி கொடுத்ததே இல்லை.

வழக்கமான தடய அறிவியல் சோதனை மரபணுவில் சுமார் இருபது இடங்களை மட்டும் பார்க்கிறது. ஒரு சிறு எழுத்துத் தொடர் அந்த இடங்களில் எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுகிறது. எஸ்.டி.ஆர். என்று இதைச் சொல்வார்கள். இந்த மாதிரியும் அந்த மாதிரியும் ஒரே ஆளுடையவையா என்று சொல்ல இருபது இடம் போதும். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் வரைக்கும் உறவையும் ஓரளவு காட்டும். அதைத் தாண்டிய தூரத்து உறவை இருபது இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. வம்சாவளி நிறுவனங்கள் பார்ப்பதோ லட்சக்கணக்கான இடங்களை. ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும், எஸ்.என்.பி. என்பது அதுதான். இரண்டு பேருடைய குரோமோசோம்களில் தொடர்ச்சியாக ஒத்துப்போகும் துண்டுகளைத் தேடி, அவற்றின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அலகில் கூட்டிப் பார்த்தால் உறவின் தூரம் தெரியும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அடுத்த தலைமுறையில் அது முப்பத்திரண்டில் ஒன்றாகிறது. அதற்கும் அடுத்த தலைமுறையில் நூற்றிருபத்தெட்டில் ஒன்று. அவ்வளவு சிறிய பங்கைக்கூடக் கருவி கண்டுகொள்ளும்.

ஜெட்மேட்ச் என்பது 2010இல் கர்ட்டிஸ் ரோஜர்ஸ், ஜான் ஓல்சன் என்ற இருவர் தொடங்கிய இலவசத் தளம். தம் முன்னோரைத் தேடும் ஆர்வலர்கள் தங்கள் மரபணு விவரத்தை அதில் ஏற்றி உறவினரைத் தேடிக்கொள்வார்கள். கொலையாளியின் மாதிரியை எஸ்.என்.பி. முறையில் படித்து அதில் ஏற்றியபோது தூரத்து உறவினர் சிலர் கிடைத்தார்கள். புலனாய்வாளர் பால் ஹோல்ஸும் மரபியல் வம்சாவளி அறிஞர் பார்பரா ரே-வென்டரும் அவர்களோடு இருந்தவர்களும் அந்த உறவினரின் முன்னோர் யார் யார் என்று பின்னோக்கிப் போனார்கள். பிறகு அந்த முன்னோரின் வழிவந்தவர் எல்லாரையும் முன்னோக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், திருமணப் பதிவுகள், பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்புகள் எல்லாம் உதவின. வயது, பாலினம், குற்றம் நடந்த ஊர்களில் வாழ்ந்த காலம் இவற்றை வைத்துச் சலித்ததில் ஜோசஃப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ என்ற முன்னாள் போலீஸ்காரர் எஞ்சினார். அவருடைய கார்க் கதவிலும் குப்பையில் போட்ட காகிதத்திலும் எடுத்த மாதிரியைப் பழைய மாதிரியோடு நேரடியாக ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகே 2018 ஏப்ரல் 24 அன்று கைதுசெய்தார்கள். 2020இல் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

வம்சாவளித் தேடல் கொடுத்தது ஒரு பெயரை மட்டுமே. சாட்சியமாக நின்றது கடைசியில் செய்த நேரடி ஒப்பீடு. அமெரிக்க நீதித் துறை 2019இல் வெளியிட்ட இடைக்கால விதிகளும் இதையே சொல்கின்றன: கொலை, வன்புணர்வு போன்ற கொடுங்குற்றங்களுக்கே இந்த வழி, குற்றவாளிகளின் தரவுத்தளத்தில் தேடித் தோற்ற பிறகே இந்த வழி, வம்சாவளிப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைதுசெய்யக் கூடாது. மேரிலாந்து மாநிலம் 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், நீதிபதியின் அனுமதி இல்லாமல் இந்தத் தேடலைத் தொடங்கவே முடியாது என்று சட்டம் செய்தது.

இந்த முறையின் பெருமைக்குக் கோல்டன் ஸ்டேட் கில்லர் வழக்கைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு வழக்கு. ஐடஹோ ஃபால்ஸ் என்ற ஊரில் 1996இல் ஏஞ்சி டாட்ஜ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். கிறிஸ்டஃபர் டாப் என்ற இளைஞரைப் போலீசார் மணிக்கணக்கில் துருவி ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. அவருடையது அல்ல. அது தெரிந்தும் அவரைச் சிறையில் போட்டார்கள். ஏறத்தாழ இருபதாண்டு உள்ளே இருந்தார். 2019இல் வம்சாவளித் தேடல் வேறொருவரைக் காட்டியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், டாப் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. பல ஆண்டுகள் அவருக்காகப் போராடியவர்களில் கொலையுண்ட பெண்ணின் தாயும் ஒருவர். டி.என்.ஏ. சோதனையின் முதல் கொலை வழக்கிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரிஸ் செய்த சோதனை, இரண்டு கொலையையும் செய்தவர் ஒருவரே, அவர் இந்தப் பையன் அல்ல என்று காட்டியது. இந்தத் தொழில்நுட்பம் கொலை வழக்குக்குள் நுழைந்ததே ஒரு பொய்யான வாக்குமூலத்தை முறித்துக்கொண்டுதான். வாக்குமூலத்தை மட்டுமே நம்பி வழக்கு நடத்தும் பழக்கம் ஊறிப்போன நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

இந்தியாவில் இது நடக்குமா? முதல் தேவை, கெடாமல் காத்த மாதிரி.

இதில் அறிவியல் நமக்குப் புதிதல்ல. 1980களின் இறுதியிலேயே ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங் இந்தியாவுக்கென்றே டி.என்.ஏ. ரேகை முறை ஒன்றை உருவாக்கினார். தலச்சேரியில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அது முதன்முதலாக நீதிமன்றம் ஏறியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு, டெல்லி தந்தூர் கொலை வழக்கு, திருச்சி பிரேமானந்தா வழக்கு என்று அது தொடர்ந்தது. ஆய்வகம் தேறிவிட்டது. மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் வழி இன்னும் தேறவில்லை.

டெல்லியின் சாவ்லா பகுதியில் 2012இல் கடத்திக் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் வழக்கில் மூன்று பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. பிப்ரவரி நடுவில் எடுத்த மாதிரிகள் 27ஆம் தேதி வரை காவல் நிலைய மால்கானாவிலேயே கிடந்தன. இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011இல் ஓர் இளம் ஜோடி கொலையுண்டது நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு முக்கியக் காரணம், டி.என்.ஏ. மாதிரிகளை எடுத்ததிலும் வைத்திருந்ததிலும் அனுப்பியதிலும் இருந்த ஓட்டைகள். எடுத்த மாதிரியை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது, கை மாறும்போதெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது. இவை அரிச்சுவடிப் பாடங்கள். 2025இல்கூட உச்ச நீதிமன்றமே இவற்றைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நம் நிலைமை.

நிதாரியில் தோண்டுவதற்கு முன் அந்த இடத்தை யாரும் வேலி போட்டுக் காக்கவில்லை. ஊர் மக்களும் போலீசாரும் பத்திரிகைக்காரர்களும் சாக்கடையோரம் கூடி நிற்க, எலும்புகள் வெளியே எடுக்கப்பட்டன. கொலையாளியின் தடயம் ஏதேனும் அங்கே இருந்திருந்தால் அன்றே போயிருக்கும். உடலுறுப்பு வணிகம் என்ற கோணத்தையும் ஆராய வேண்டும் என்று மத்திய அமைச்சகத்தின் குழு சொன்னதை சி.பி.ஐ. பின்தொடரவில்லை என்பதை உயர் நீதிமன்றம் கடுமையாகக் குறிப்பிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, எந்த வெளிநாட்டுத் தளத்தில் எதை ஏற்றித் தேடுவது? ஏற்றுவதற்கு மாதிரி இல்லை. நிதாரிக்கு வம்சாவளித் தேடல் விடை தராது என்று நான் முடிவுக்கு வருவது இதனால்தான்.

*

மாதிரி பத்திரமாக இருக்கும் வேறொரு வழக்கை எடுத்துக்கொண்டால்? அங்கே நம் குடும்ப அமைப்பு குறுக்கே நிற்கிறது. ஆய்வின் சுவாரசியமான பகுதியும் இதுதான்.

அமெரிக்கக் கணக்கு முழுவதும், மணமக்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் என்ற எண்ணத்தில் எழுந்தது. நம் ஊரில் அப்படியில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. அக்காள் மகளைக் கட்டியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியே அப்பாவுடன் பிறந்த அத்தை. தாய்மாமன் அதே நேரத்தில் அத்தை மகனும் ஆகிறார். தாய்மாமனோடு ஒரு பிள்ளை சராசரியாகக் கால்பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்ளும். அத்தை மகனோடு எட்டில் ஒரு பங்கு. இரண்டு உறவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் 37.5 சதவீதம். இப்படிப்பட்ட எண்ணைப் பார்க்கும் அமெரிக்க மென்பொருளுக்கு இவர் மாமனா, உடன்பிறந்தவரா என்று குழப்பம் வரும். இந்தப் பழக்கம் நாலைந்து தலைமுறை தொடர்ந்தால், உண்மையில் மிகத் தூரத்தில் இருப்பவர்கள் நெருங்கிய உறவினராகத் தெரிவார்கள். கொடிவழி எழுதப் புகுந்தவர் தவறான தாத்தாவைத் தேடிக்கொண்டிருப்பார்.

உறவுக்குள் மணம் செய்யாத வட இந்தியச் சமூகங்களிலும் சாதிக்குள் மணம் என்பது உண்டு. ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2017இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 81 சமூகங்கள், சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடத்தைப் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட ஆழமாகத் தாங்கியிருந்தன. நூறாண்டுக் கணக்கில் தமக்குள்ளேயே மணந்துகொண்ட கூட்டத்தில் எந்த இருவரை எடுத்தாலும் சில துண்டுகள் ஒத்துப்போகும். மரபுநோய் ஆய்வுக்கு இது அரிய செல்வம். துப்பறிவோருக்கு இது பெருங்குழப்பம்: ஒரு குடும்பத்தைக் காட்ட வேண்டிய பொருத்தம் ஒரு சாதியை முழுவதுமாகக் காட்டும்.

கொடிவழி எழுத ஆவணங்களும் நம்மிடம் இல்லை. சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் 2004இல் எட்டு வயதுச் சிறுவனும் 56 வயதுப் பெண்ணும் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் டி.என்.ஏ. மாதிரி எடுத்தும் ஆள் கிடைக்கவில்லை. 2020இல் வம்சாவளித் தேடலில் கிடைத்தார். தேவாலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவைத்த பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வுப் பதிவேடுகள் அங்கே இருந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும். 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022இல் வெளிவந்தன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் அந்தத் தாள்களை யாரும் பார்க்கவே கூடாது, சாட்சியமாகவும் ஏற்கக் கூடாது என்கிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பெண்ணுக்குக் கல்யாணத்தோடு இன்னொரு முறை மாறும். ஹரித்துவாரின் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் வைத்திருக்கும் வம்சாவளி ஏடுகள் அருமையானவை. ஆனால் கங்கைக்குப் போய் அஸ்தி கரைக்க வசதியுள்ள குடும்பங்களே அவற்றில் ஏறியிருக்கும்.

தரவுத்தளமும் நம்முடையது அல்ல. 2018இல் யானிவ் எர்லிக் குழுவினர் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, 13 லட்சம் பேருடைய விவரம் கொண்ட தளத்தில் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர் பத்தில் ஆறு பேருக்கு உறவினர் கிடைப்பார் என்று கணக்கிட்டது. ஒரு மக்கள்தொகையில் இரண்டு சதவீதம் பேர் தளத்தில் இருந்தாலே ஏறத்தாழ எல்லாரையும் எட்டிவிடலாம் என்றும் சொன்னது. நம்மவர்கள் அந்தத் தளங்களில் மிகக் குறைவு. இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாடு போனவர்கள். மயூர் விஹாரின் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியரின் பேரன் நியூ ஜெர்சியில் ஆர்வத்தில் எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால், தாத்தாவின் மரபணுவில் கால்பங்கும் கும்பகோணத்துப் பங்காளிகளுடையதில் ஒரு பங்கும் சேர்ந்தே அந்தத் தளத்தில் ஏறிவிடுகின்றன. அவர்களை யாரும் கேட்கவில்லை. கோல்டன் ஸ்டேட் கில்லர் வழக்கிலேயே, வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் மைஹெரிட்டேஜ் போன்ற தனியார் தளங்களிலும் தேடியது 2020இல் பத்திரிகை விசாரணையில் வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரத்தை வைத்திருந்த 23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. விவரங்கள் புதிய உரிமையாளர் கைக்கு மாறின.

*

இந்தியாவில் பெரிய மரபணுத் தேடல் சாதியைத்தான் முதலில் காட்டும் என்றேன். அதன் ஆபத்தைத் தமிழ்நாட்டுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கைரேகையை வகைப்படுத்தும் முறையே இந்தியாவில் உருவானதுதான். 1897இல் கல்கத்தாவில் அமைந்த கைரேகைப் பிரிவு உலகத்துக்கே முன்னோடி. அதற்குக் கணித அடித்தளம் போட்டவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகள். அந்த அறிவியல் அடுத்த சில ஆண்டுகளில் யார்மேல் பாய்ந்தது? குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டவர்கள்மேல். மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டார்கள். அங்கே மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஒரு கொலை மாதிரி ஒரு சாதியை நோக்கிக் கைகாட்டினால் இன்றைய காவல் நிலையம் என்ன செய்யும் என்பதைக் கற்பனை செய்யவே தேவையில்லை. அந்தச் சமூகத்து இளைஞர்கள் வரிசையில் நிறுத்தப்படுவார்கள்.

சட்டமும் இதைத் தடுக்கும் நிலையில் இல்லை. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் ஆய்வையும் அளவீடுகளில் சேர்த்துக்கொண்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றை 75 ஆண்டு வைத்திருக்கலாம். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றப் புலனாய்வுக்குப் பெரிய விலக்கு கொடுத்திருக்கிறது. அறிவியல் நோக்கில் 10,000 இந்தியரின் மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் ஃபரிதாபாத்தின் உயிரியல் தரவு மையத்தில் இருக்கின்றன. ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தவர்களின் விவரத்தை நாளைக்கு ஒரு புலனாய்வாளர் கேட்டால் மறுக்க வெளிப்படையான சட்ட வாசகம் வேண்டும். 2017இன் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அந்த உரிமை மரபணுவுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை நாடாளுமன்றம் இன்னும் எழுதவில்லை.

*

எழுத முயன்றது உண்டு. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜூலையில் மக்களவைக்கு வந்தது. குற்ற இடம், சந்தேக நபர், தண்டனை பெற்றவர், காணாமற்போனவர், அடையாளம் தெரியாத இறந்தவர் என்று ஐந்து பட்டியல்களைத் தேசிய வங்கியில் வைப்பது அதன் திட்டம். ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு 2021இல் அறிக்கை கொடுத்தது. அந்தரங்கம் பற்றியும், குறிப்பிட்ட சமூகங்கள் குறிவைக்கப்படுவது பற்றியும் எழுந்த அச்சங்களை அது புறந்தள்ளவில்லை. 2023 ஜூலையில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. முதல் மூன்று பட்டியல்களைப் பற்றிய என் அச்சத்தை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் கடைசி இரண்டும் அவற்றோடு சேர்ந்து போனது பெரும் இழப்பு.

அந்த இரண்டு பட்டியல்களின் தேவையை முன்பே ஒரு வழக்கு எழுப்பியிருந்தது. அடையாளம் தெரியாத உடல்கள் எல்லாவற்றுக்கும் டி.என்.ஏ. விவரம் எடுக்க வேண்டும் என்று லோக்நீதி ஃபவுண்டேஷன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டிருந்தது. இப்படி ஆண்டுக்குச் சுமார் 40,000 உடல்கள் நாட்டில் கிடைக்கின்றன என்றது அந்த மனு. மசோதா கொண்டுவருகிறோம் என்று மத்திய அரசு சொன்னதை ஏற்று 2018இல் நீதிமன்றம் வழக்கை முடித்தது. மசோதா பிறகு இல்லாமல் போயிற்று.

பெயர் தெரியாத உடல் என்றால் என்ன என்பதை மயூர் விஹார்க்காரர்கள் 2022இல் பக்கத்திலிருந்தே பார்த்தார்கள். அந்த ஜூனில் கல்யாண்புரி ராம்லீலா மைதானத்திலும் திரிலோக்புரிப் பகுதியிலும் ஓர் ஆணின் உடல் உறுப்புகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. பாண்டவ் நகர் போலீசார் பல மாதம் விசாரித்தும் அது யாருடைய உடல் என்று தெரியவில்லை. பீகாரிலிருந்து வந்து அந்தப் பகுதியில் வாழ்ந்தவர் அவர் என்றும், அவரைக் கொன்றதாகக் குடும்பத்தினர் இருவரைக் கைதுசெய்திருக்கிறோம் என்றும் நவம்பர் இறுதியில்தான் அறிவித்தார்கள். கண்காணிப்பு கேமராவின் பதிவும் வீடு வீடாக நடந்து விசாரித்ததும் வழி காட்டின. ஆளைக் காணோம் என்ற புகார் வீட்டிலிருந்து வரவில்லை. டெல்லி போலீசாரின் ஜிப்நெட் தளத்தில் அடையாளம் தெரியாத இறந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. புகைப்படம், உயரம், உடுத்தியிருந்த துணி, கிடைத்த இடம். முகமே சிதைந்த உடலுக்கு இவை எதற்கு உதவும்? தொலைவில் இருக்கும் அண்ணனோ அம்மாவோ கொடுத்த ரத்தம் ஒரு பட்டியலில் இருந்தால், அந்த உடலுக்குச் சில வாரத்தில் பெயர் கிடைத்திருக்கும்.

உறவினரின் மரபணுவைக் கொண்டு வங்கி அமைப்பது எப்படி என்பதை அர்ஜென்டினா காட்டியது. ராணுவ ஆட்சியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பெண்களின் கைக்குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குத் தரப்பட்டார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிகள் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடி நின்றார்கள். பெற்றோர் இல்லாத நிலையில் பாட்டியின் ரத்தத்தைக் கொண்டு உறவை நிறுவ முடியுமா என்று அவர்கள் அறிவியலாளர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார். 1987இல் தேசிய மரபணு வங்கிச் சட்டம் வந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வங்கியில் இருக்கும் ரத்தம் தேடுகிறவர்கள் தாமே முன்வந்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தின் செம்மணியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கேட்டதும் இப்படியொரு ஒப்பீட்டைத்தான்.

நமக்கு வேண்டிய சட்டத்தை நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். காணாமற்போனவரின் உறவினர் கொடுக்கும் ரத்தம் தனி வங்கியில் இருக்க வேண்டும். அது போலீஸ் துறையின் கையில் இருக்கக் கூடாது. இறந்தவருக்குப் பெயர் தேட மட்டுமே அதைத் திறக்கலாம். கொடுத்தவரின் மகனையோ தம்பியையோ குற்றவாளியாகத் தேட எந்த நீதிமன்றமும் அதைக் கேட்கக் கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் திரிலோக்புரியின் ஏழைத் தாய் ஒருபோதும் ரத்தம் கொடுக்க முன்வரமாட்டாள். வராமல் இருப்பதே அவளுக்கு நல்லது. கொலையாளியைத் தேடும் வம்சாவளித் தேடல் வேறு சட்டத்தில், நீதிபதியின் முன்அனுமதியோடு, கொடுங்குற்றத்துக்கு மட்டும், பல ஆண்டு கழித்து வரட்டும். தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர் தம் குற்றமின்மையை நிறுவ அதைக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. டெல்லியில் உரிமை கோரப்படாத உடலை 72 மணி நேரம் வைத்திருந்துவிட்டு எரிக்கிறார்கள். எரிப்பதற்கு முன் ஒரு கடைவாய்ப் பல்லையோ தொடை எலும்பின் ஒரு துண்டையோ எடுத்து, உறையிட்டு, எண்ணிட்டு, சுருளி வழக்கின் நெறிமுறைப்படி பதிவேட்டில் ஏற்றி, ஆய்வகத்தில் வைக்கலாம். செலவு அதிகமில்லை. உடனே பரிசோதிக்கக்கூட வேண்டாம். பல்லுக்குள் இருக்கும் மரபணு பல ஆண்டு தாங்கும். பிணக்கூறு ஆய்வு செய்யும் மருத்துவருக்கும் விசாரணை அதிகாரிக்கும் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும், நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பாண்டவ் நகர், கல்யாண்புரி, மயூர் விஹார், நியூ அசோக் நகர்க் காவல் நிலையங்களிலிருந்து அதைத் தொடங்கலாம். எல்லைக்கு அப்பாலுள்ள நொய்டா போலீசாரோடு ஒரே பட்டியலாக.